பேணியில் இருந்த மண்

மருதமுனையில் ஜுனைதா என்று கேட்டால், எந்த ஜுனைதா என்று திருப்பிக் கேட்பார்கள். நாயோடு போன ஜுனைதா என்றால் போதும், தறியில் இருப்பவர்கள் எழுந்து வந்து வீட்டைக் காட்டுவார்கள். ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரன்தான் அவள் நெய்வது, அதில் கரை இழை பிசகாது. மன்னார் வரைக்கும் அந்தச் சாரன்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கைவேலையால் வந்திருக்க வேண்டிய பெயர் ஒரு பயணத்தால் வேறு மாதிரி வந்துவிட்டது. வாழ்நாளில் அவள் ஊரைவிட்டுத் தூரம் போனது அந்த ஒரு தடவைதான்.

எண்பத்தோராம் ஆண்டு பிறந்திருந்தது. மாரி மழை இன்னும் விட்டபாடில்லை.

நாய் அவளுடையதல்ல, அவளுடைய வாப்பா சீனிமுகம்மதுவினுடையது. ஒரே மகளுக்குக் கலியாணம் முடித்ததும், ஊர் வழக்கப்படி வீட்டையும் தறிக்கொட்டிலையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, தன் உடுப்பை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு சொறிக்கல்முனைப் பக்கம் இருந்த வயலுக்கு அவர் போய்விட்டார். மனைவி அதற்கு முன்பே மவுத்தாகி மண்ணுக்குள் போயிருந்தாள். வரம்போரத்தில் கம்பு நட்டு ஓலை வேய்ந்த ஒரு வாடி, அதுதான் அவருக்கு வீடு. மருமகன் அபூசாலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பன்றி வரும் வயலுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரிய சூறாவளி அடித்து ஓய்ந்த காலை, வெள்ளத்தில் மிதந்து வந்த கூரைத் துண்டில் ஒட்டிக்கொண்டிருந்த தவிட்டுநிறக் குட்டி ஒன்றை அவர் கம்பால் இழுத்து வரம்பில் போட்டார். அன்றிலிருந்து வாடியில் இருவர்.

வயலைக் காக்க நாய் வைத்திருப்பதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அதன் ஈரம் பட்டால் மட்டும், பட்ட இடத்தை ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதில் ஒரு தண்ணீர் மண் கரைத்ததாக இருக்க வேண்டும். சீனிமுகம்மது அதில் ஒருநாளும் பிசகியதில்லை. நாய்க்குப் பெயர் வைக்கவுமில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுவித்து ஒரு சத்தம் எழுப்புவார், ஆழமான கிணற்றில் சிறு கல் விழுவதுபோல. வயலின் எந்த மூலையில் நின்றாலும் அது வந்துவிடும். சோறு கொண்டுபோகும்போது கேட்டுக் கேட்டு ஜுனைதாவுக்கும் அந்தச் சத்தம் படிந்துவிட்டது.

மாரியின் நடுவில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மகள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கண் மூடுவதற்கு முன் ஜுனைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்:

"மகள், அந்த வாயில்லாத சீவன றோட்டுல உட்டுராத. வயல் வாடி உள்ள ஒருத்தன்ட கையில குடு. இது ஒனக்கு அமானத்து."

நம்பி ஒப்படைத்த பொருள்தான் அமானத்து. அதை உரிய இடத்தில் சேர்க்காவிட்டால், ஒப்படைத்தவர் கபுறுக் குழியில் நிம்மதியாகக் கிடக்கமாட்டார் என்றுதான் சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்திருந்தாள்.

பக்கத்து வயல்காரர் கனகரெத்தினம் முதலில் நாயைத் தன் வாடிக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில் அவரே சைக்கிளில் வந்து வாசலில் காலூன்றி நின்றார்.

"கோவிக்காத பிள்ள. பண்டி வந்தா அது எழும்பியும் பாக்குதில்ல. பொழுது சாயக்க எழும்பி ஒங்கட ஊர்ப் பக்கம் போகுது. விடிஞ்சாப் பிறகு சேறும் தண்ணியுமா வருது."

எங்கே போகிறது என்பது ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தி மஃரிபு தொழுகைக்குப் போகிறவர்கள் அதை, கபுறுகள் இருக்கும் மையவாடி மதிலடியில் கண்டிருந்தார்கள். சீனிமுகம்மதுவின் கபுறுக்கு நேராக, மதிலுக்கு வெளியே, முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும். குரைப்பதில்லை, ஊளையிடுவதுமில்லை. உள்ளேயிருந்து யாரோ கதைப்பதைக் கேட்பதுபோல ஒரு காதை மட்டும் நிமிர்த்தும். சிலவேளை, பதில் சொல்வதுபோல, வாலை இரண்டு தரம் மணலில் அடிக்கும். கல்லால் எறிந்தாலும் எழும்பாது. ஓதப் போகும் பிள்ளைகள் அந்த வழியால் போக மறுத்தார்கள். பிறகு பெரியவர்களும், காரணம் ஒன்றும் சொல்லாமல், சுற்றுப்பாதையால் நடக்கத் தொடங்கினார்கள்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் அச்சிமுகம்மது அபூசாலியைக் கூப்பிட்டுத் தணிவாகத்தான் சொன்னார்.

"தம்பி, சீனிமுகம்மது காக்கா நல்ல மனிசன். அதுக்காக நாய் மையவாடியில படுக்க ஏலுமா? தூரத்துக்குக் கொண்டு குடுத்திருங்க. மறுகாவும் மதிலடியில கண்டா, நாங்க ஆள் வச்சி முடிக்கத்தான் வேணும்."

அபூசாலி சாரன் வியாபாரி. பழைய வான் ஒன்றில் சாரன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகரைக்குப் போய் விற்றுவிட்டு வருவான். மன்னாருக்குத் தெற்கே முசலியில், சீனிமுகம்மதுவின் பழைய கூட்டாளி முகம்மது தம்பி இருந்தார். முந்தி வெள்ளாமை வெட்டுக்கு வந்து சீனிமுகம்மதுவின் வாடியில் படுத்தெழும்பிய மனிதர். வழியில், பொலன்னறுவைக்கு இந்தப் பக்கம் குடியேறியிருந்த அப்துல் ஸமட்டும் நாய் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் நாய் அபூசாலியின் வானில் ஏறவில்லை. அவன் கூப்பிட்டால் அவனுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜுனைதா போனால்தான் அது போகும் என்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா வேலிக்கு மேலால் சொன்னாள்: "கலியாணம் முடிச்ச நாளையிலயிருந்து ஒன்னக் கல்முனச் சந்திக்கும் கூட்டிட்டுப் போகாத மனிசன், நாய்க்கு எண்டதும் நாட்டச் சுத்திக் காட்டப் போறான். நீயும் ஒரு வால வச்சிக்க கா."

"வாலு இரிந்தா ஒங்கட வேலிய எப்பவோ பாஞ்சிரிப்பன் சாச்சி" என்றாள் ஜுனைதா. அன்றைக்கு அவள் சிரித்தது அவ்வளவுதான்.

புறப்படும் காலையில் தறிக்கொட்டிலில் நின்று அவள் அந்தச் சத்தத்தை எழுப்பினாள். நாய் மழைக்குள்ளிருந்து வந்தது. வாசற்படியில் நின்று தலையை உயர்த்தியது. அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால், ஆள் உயரத்தில் ஓரிடத்தைப் பார்த்தது. பார்த்து வாலை ஆட்டியது.

ஜுனைதா மெதுவாகத் திரும்பினாள். பின்னால் யாருமில்லை. சுவரோரத் தட்டில் நூற்கட்டைகளும் எண்ணெய்ப் போத்தலும் ஒரு பழைய தகர பிஸ்கட் பேணியும் இருந்தன. அபூசாலி வந்து அந்தப் பேணியை எடுத்துக் கக்கத்தில் வைத்தான்.

"கழுவுறதுக்கு மண் வேணுமே. வழி மண்ண நம்பேலா, யாரு எதப் போட்டாங்களோ. எங்கட ஊர் மண் வெறும் பூழி மணல், அது கரையவும் மாட்டா. இதுக்குள்ள துப்புரவான களி கிடக்கு."

பேணியை அவளுடைய ஆசனத்துக்குப் பின்னால், சாரன் கட்டுகளுக்கு நடுவே செருகினான். நாய் யாரும் சொல்லாமல் ஏறிப் படுத்தது.

கல்லடிப் பாலம் தாண்டி, வாழைச்சேனை தாண்டி, வான் காட்டுக்குள் நுழைந்தது. மழை கண்ணாடியில் வழிந்தது. இவ்வளவு மரங்களை ஜுனைதா ஒரே இடத்தில் கண்டதில்லை. மனம் அதில் போயிருக்க வேண்டும். ஆனால் அவள் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரன் கட்டுகளுக்கும் தண்ணீர் வாளிக்கும் நடுவில் நாய்க்கு இருந்த இடமே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பாதியை அது விட்டுவிட்டு, ஒரு பக்கம் சுருண்டு, அவளுடைய ஆசனத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தைக் காத்துக்கொண்டு படுத்திருந்தது. வண்டி குலுங்கி அந்தப் பக்கம் சரிந்தாலும், எழும்பி மறுபடியும் ஒதுங்கிக்கொண்டது. வாடியில் வாப்பா பாயில் படுத்தால், பாயில் கால் படாமல் அது அப்படித்தான் படுக்கும்.

"மச்சான்" என்றாள். "கர்ப்பூரம் மணக்குதா?"

"சாரனுக்குப் பூச்சிமருந்து வச்சிரிக்கன் புள்ள."

"பூச்சிமருந்து வேற, கர்ப்பூரம் வேற."

அபூசாலி மூக்கை உறிஞ்சினான். "எனக்குத் தடிமல்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவளுடைய பக்கம் திரும்பாமலே ஓட்டினான்.

வழியில் நிறுத்தும்போதெல்லாம் நாய் யாராவது ஒருவரை நக்கிவிடும். அப்போது கழுவும் வேலை. பேணியின் மூடி கறள் பிடித்து இறுகியிருந்ததால், அதை நெம்பித் திறப்பது அபூசாலியின் பொறுப்பு. சிரட்டையில் கொஞ்சம் மண்ணை எடுத்து வானுக்குப் பின்னால் நின்று கரைப்பான். அவள் வாளியால் அள்ளி ஊற்றுவாள். கறுப்புத் தண்ணீர் கையால் வழிந்து, சேலைக் கரையையும் வானின் சில்லையும் நனைத்து நிலத்தில் ஓடும். அவர்கள் விலகியதும் நாய் வந்து அந்த ஈரத்தை முகரும். பிறகு அதன் மேலேயே முன்னங்கால்களை நீட்டிப் படுத்து ஒரு காதை நிமிர்த்தும். மையவாடி மதிலடியில் படுத்தது போலவே. ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான். நாயை அப்புறப்படுத்திவிட்டு வண்டியை எடுப்பது கழுவுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்துல் ஸமட்டின் வீட்டுக்குப் போனபோது பின்னேரம் அஸர் ஆகியிருந்தது. வயல், வாடி, பன்றித் தொல்லை எல்லாம் அவரிடம் இருந்தன. நாயின் பல்லைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், திருப்திப்பட்டார். ஜுனைதா தன் கையாலேயே அதை முற்றத்துப் பலாமரத்தில் கட்டினாள். வாப்பாவின் முடிச்சுப் போட்டாள். மாடு கன்றுக்கு அவர் போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும், மனிதக் கை அவிழ்த்தால் மட்டுமே அவிழும். அவளைத் தவிர வேறு யாருக்கும் அவர் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அமானத்துச் சேர்ந்திட்டுது வாப்பா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்றிரவு அவளுக்கு நல்ல நித்திரை.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது பலாமரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது. கடித்த அடையாளம் இல்லை. அறுந்திருக்கவுமில்லை. முடிச்சு அவிழ்ந்து, நீளமாக, ஒழுங்காகக் கிடந்தது. அவிழ்த்த கயிற்றை வாப்பா அப்படித்தான் நிலத்தில் நீட்டிப் போடுவார். நாய் வானுக்குள் அதன் பழைய இடத்தில் சுருண்டிருந்தது. இரவு முழுக்க மழை. நாயின் மயிரில் ஒரு துளி ஈரமில்லை.

"நீங்க அவுத்தீங்களா?" என்று அபூசாலி கேட்டான்.

"வல்லாஹி நான் கிட்டவும் போகல்ல" என்றார் அப்துல் ஸமட். வானுக்குள் எட்டிப் பார்த்தார். நாய் அவரைப் பார்க்கவில்லை. ஆசனத்துக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து வாலை அடித்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி பின்னால் வந்தார். "தம்பி, எனக்கு இது வேணாம். நாயெண்டா நாய் மாதிரி இரிக்கணும். இது என்னமோ மாப்பிள்ளட வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரன் மாதிரி மரியாதையா இரிக்கி. பயமா இரிக்கி."

வேறு நேரமாக இருந்தால் அபூசாலி வயிறு குலுங்கச் சிரித்திருப்பான்.

ஹபரணைக் காட்டில் மழை விட்டுவிட்டுத் தூறியது. ஜுனைதா முன்னால் பார்த்தபடியே கேட்டாள்:

"மச்சான், மவுத்தான வாப்பாட றூஹு எங்களோட வருதா?"

"அப்பிடிக் கதைக்காத."

"அவர் சொன்னதச் செய்யல்ல எண்டுதான் வாறார்."

"செய்யத்தானே போறம்? அவருக்கு இவ்வளவு அவசரமெண்டா முன்னுக்கு வந்து ஸ்டேரிங்கப் புடிக்கட்டும். எனக்கும் முதுகு நோகுது." சொல்லிவிட்டு அவனே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அடுத்த வளைவில் யானை நின்றது. தனியன், கொம்பன் இல்லை. பாதையின் நடுவில், மழையில் கறுத்து, காதுகளை விரித்துக்கொண்டு நின்றது. அபூசாலி வானை நிறுத்தினான். பின்னுக்கு எடுக்க வழியில்லை, சேற்றில் சில்லுப் புதைந்துவிடும். ஜுனைதா கலிமாவை முணுமுணுத்தாள். எந்த நாயும் இந்த நேரத்தில் குரைத்து யானையைக் கிளப்பிவிட்டிருக்கும். இந்த நாய் எழும்பி நின்றது. ஒரு சத்தமும் போடவில்லை. ஆசனத்துக்குப் பின்னால் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது, உத்தரவுக்குக் காத்திருப்பதுபோல. பார்த்தபடியே நின்று, பிறகு, யாரோ "கிட" என்று சொன்னதுபோல மெல்லப் படுத்தது. யானை ஒரு காதை அசைத்தது. துதிக்கையால் காற்றை வானின் பக்கம் இழுத்து முகர்ந்தது. பிறகு வழிவிட்டு, ஒரு கிளையும் முறியாமல், காட்டுக்குள் போய்விட்டது.

அபூசாலி வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. எடுத்த பிறகு, முசலி போய்ச் சேரும்வரை அவன் ஒரு பகிடியும் விடவில்லை.

முகம்மது தம்பியின் வயல் குளத்துக்குக் கீழே இருந்தது. நெல் கதிர் தள்ளக் காத்திருக்கும் குடலைப் பருவம். வாடியின் நிலம் மழையில் கரைந்து குழிகுழியாகக் கிடந்தது. சீனிமுகம்மதுவின் மகள் என்றதும் அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜுனைதா ஒன்றையும் மறைக்கவில்லை. மதிலடி, முடிச்சு, யானை எல்லாம் சொன்னாள்.

"மாமா, நல்லா யோசிச்சு எடுங்க. எடுத்திட்டு மறுகா அடிச்சுத் துரத்தப்படா. ஒங்களுக்கும் ஏலாதெண்டா எனக்குக் கொண்டு போக இடமில்ல. ஊருக்குப் போனா அத முடிச்சிருவாங்க."

"கூட்டாளிட நாய், மகள். நான் ஏன் பயப்படுறன்?" என்றார். ஆனால் சொல்லும்போது நாயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நிக்குமா எண்டுதான் தெரியல்ல. நான் கட்டி வைக்க மாட்டன். நிண்டா நிக்கட்டும்."

அவரும் அபூசாலியும் தொழுவதற்காகக் குளக்கரைக்குப் போனார்கள். ஜுனைதா வாடி வாசலில் தனியே இருந்தாள். நாய் வந்து அவளுடைய காலை நக்கியது. தொழுகைக்கு நேரமாகிறது, கழுவ வேண்டும். அபூசாலி இல்லை. அவளே வானுக்குப் போய்ப் பேணியை எடுத்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள்.

மூடி திறந்ததும் கர்ப்பூரம் மணத்தது.

உள்ளே கறுப்புக் களிமண். பாதி தூளாகியிருந்தது. மீதி, கையால் பிடித்த உருண்டைகள். ஒன்றை எடுத்தாள். காய்ந்து இறுகிய களியில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. மறுபக்கம் ஒரு பெருவிரல், நகத்தின் நடுவே ஒரு வெட்டுக்கோடு. தறியில் சிக்கி நகம் பிளந்தது அபூசாலிக்கு. அது அவனுடைய விரல். உருண்டைக்குள் ஒரு வைக்கோல் துண்டும் நெல் உமியும் ஒட்டியிருந்தன. நாய் அவளருகே வந்து உருண்டையை முகர்ந்தது. முகர்ந்துவிட்டு, அவள் ஒருநாளும் கேட்காத ஒரு சின்னச் சத்தம் போட்டது, குழந்தை நித்திரையில் முனகுவதுபோல.

தொழுதுவிட்டு வந்த அபூசாலி அவளுடைய கையில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இது என்ன மண் மச்சான்?"

"மண்தான் புள்ள."

"என்ன மண்?"

அவன் நிலத்தில் குந்தினான். "நீங்க பொம்புளயள் மையவாடிக்கு வாறல்ல. ஒங்களுக்கு இது தெரியா. கபுறுல மையத்த வலப்பக்கம் சரிச்சு வைக்கக்க, உருண்டு போகாம, தலைக்கும் முதுகுக்கும் மண்ணுருண்ட வச்சு அண்ட குடுப்பம். எங்கட கடக்கரை மண் பூழி, உருண்ட புடிபடாது. அதான் அண்டைக்கு நான் வாப்பாட வாடியடியில போய், அவர் குந்தியிருக்கிற வரம்புலயே களி வெட்டிட்டு வந்தன். கர்ப்பூரம் குழைச்ச கையாலதான் புடிச்சன். மீந்தத எறிய மனமில்ல. பேணியில போட்டு வச்சன். கழுவுறதுக்குத் துப்புரவான மண் எண்டு யோசிச்சனே தவிர, வேறொண்டும் யோசிக்கல்ல."

ஜுனைதா சிரட்டையைப் பார்த்தாள், சில்லைப் பார்த்தாள், தன் சேலைக் கரையில் காய்ந்திருந்த கறுப்பைப் பார்த்தாள். நாய் பட்டதென்று கழுவிய ஒவ்வொரு தடவையும் வாப்பாவின் மண்ணைத்தான் கைகளில் பூசியிருக்கிறார்கள். அவர் குந்தியிருந்த வரம்பு, அவருடைய காலடி, வியர்வை. நாய் பட்டதை நீக்கக் கழுவக் கழுவ, நாய்க்கு அவர்களைவிட்டுப் போக முடியாமல் ஆகியிருக்கிறது. தறிக்கொட்டிலில் அது பார்த்தது தட்டிலிருந்த பேணியை. வானில் இடம் விட்டு ஒதுங்கியது பேணிக்கு.

"கோவமா?" என்றான் அபூசாலி.

அவள் உருண்டையை உள்ளங்கையில் வைத்திருந்தாள். வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அறைக்குள் இருந்தாள். ஆண்கள் எல்லாரும் கபுறுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். கல்முனைச் சந்தையில் வாப்பாவோடு ஒருநாள் கதைத்தவன்கூடப் போட்டான். பெற்ற மகள் போடவில்லை. போடுவது வழக்கமில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை, அபூசாலியிடமும்.

"மாமா, வாடி நிலத்த மெழுகித் தரட்டா?" என்று முகம்மது தம்பியிடம் கேட்டாள்.

அவர் குளத்துக் களி கொண்டுவந்து குவித்தார். ஜுனைதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். பேணியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் களியின் மேல் போட்டாள். பிஸ்மி சொன்னாள். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. பிறகு பேணியை முழுவதும் கவிழ்த்து, விரல் பதிந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக நசித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மூலையிலிருந்து தொடங்கி, தறியில் கரை பிடிப்பதுபோல வரிவரியாக, நிலம் முழுக்க மெழுகிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பேணியைக் கழுவிய தண்ணீரையும் வாசலிலேயே ஊற்றினாள். ஆண்கள் இருவரும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாய் வாசலில் நின்று முகர்ந்தது. ஈரம் காயும்வரைக்கும் பொறுக்கவில்லை. உள்ளே போய்ச் சுற்றியது. பாய் போடும் பக்கத்தை விட்டுவிட்டு, சுவரோரம் ஒதுங்கிச் சுருண்டது. நீண்ட மூச்சொன்று விட்டது. ஜுனைதா அந்தச் சத்தத்தை ஒருதரம் எழுப்பிப் பார்த்தாள். நாய் தலையைத் தூக்கவில்லை. வாலை மட்டும் ஈரநிலத்தில் ஒருதரம் அடித்தது.

அவர்கள் வானில் ஏறியபோது அது பின்னால் வரவில்லை. வானை முன்பே குளத்தில் இறக்கிச் சில்லுகளைக் கழுவியிருந்தார்கள். ஜுனைதா மாற்றுச் சேலை உடுத்திருந்தாள். நாய் நக்கிய காலைக் குளத்து மண்ணால் கழுவியிருந்தாள், ஏழு தண்ணீரும் ஊற்றி. ஊர் எல்லை தாண்டும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆசனத்துக்குப் பின்னால் இப்போது உண்மையிலேயே ஒன்றுமில்லை. அந்த வெறுமை முந்தியதைவிட அவளைப் பயமுறுத்தியது.

"கயிறு?" என்றாள் திடீரென்று.

"பின்னுக்குக் கிடக்கு."

"அந்த முடிச்ச ஆரு அவுத்த மச்சான்?"

அபூசாலி விளக்கைப் போட்டான். பொழுது இன்னும் இருட்டவில்லை. "எல்லாத்துக்கும் என்னட்ட மறுமொழி இரிக்கெண்டு நினைச்சிக் கேக்காத" என்றான்.

வெள்ளாமை வெட்டு முடிந்த பிறகு அபூசாலி மறுபடியும் முசலிக்குப் போனான். திரும்பி வந்து சாரன் காசைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாயைப் பற்றிச் சொன்னான். வாடியைவிட்டு அது ஒருநாளும் போகவில்லை. பன்றிக்கூட்டத்தை வரம்பு மிதிக்க விடவில்லை. முகம்மது தம்பிக்கு அதன்மேல் உயிர். ஆனால் அந்தி சாயும் நேரத்தில் வாசலில் வந்து நிற்குமாம். வரம்பால் யாரோ நடந்து வருவதுபோலத் தூரத்திலிருந்து கிட்டக்கிட்டப் பார்க்குமாம். பிறகு வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வழிவிட்டுப் போய்ச் சுவரோரம் படுக்குமாம்.

"மாமா பயப்படல்லியா?" என்று ஜுனைதா கேட்டாள்.

"'நானும் ஒரு சலாம் சொல்லித்தான் வைக்கிறன், ஆள் இல்லாட்டி வானத்து மலக்குமாருக்குச் சேரும்' எண்டார்."

மையவாடி மதிலடியால் பிள்ளைகள் மறுபடியும் ஓதப் போகத் தொடங்கினார்கள். மரைக்கார் அபூசாலியைக் கண்டபோது, அல்லா பொருந்திக்கொள்ளட்டும் என்று தோளில் தட்டினார். சல்மா உம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. "நாயக் குடுத்திட்டு ஒன்ட மனிசனக் கூட்டிட்டு வந்திட்டியா கா? மாறிக் குடுத்திரிக்கலாம்" என்று வேலிக்கு மேலால் கேட்டாள். அந்தப் பகிடிதான் ஊரில் பரவி ஜுனைதாவுக்கு 'நாயோடு போன' என்ற பெயரானது.

சில வருடங்களில் சண்டை மூண்டு வழியெங்கும் காவலரண்கள் முளைத்தன. வான் கொட்டிலில் நின்றது. முசலிப் பக்கமிருந்து செய்தி வருவது நின்றுபோனது. நாய் இருக்கிறதா இல்லையா என்று அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. நெய்து முடித்த சாரன் கட்டுகளை வாப்பாவின் முடிச்சுப் போட்டு, நாயைக் கட்டிய அந்தக் கயிற்றால்தான் கட்டினாள். விடியக் காலையில் கொட்டிலைத் திறந்ததும் முதலில் அந்த முடிச்சைத்தான் தொட்டுப் பார்ப்பாள். இறுகித்தான் இருக்கும்.

ஒரு மாரிக்கால அந்தியில், கொட்டிலில் பாய் போட்டு இருந்தவளுக்கு நூற்கட்டை ஒன்று கைதவறி உருண்டது. அதை எட்டி எடுக்கும் யோசனையில், தன்னையறியாமல் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுவித்துவிட்டாள். கிணற்றில் சிறு கல் விழுந்த சத்தம். வெளியே மழை. தட்டு அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் பேணி இல்லை, அது வெறுமையாகி எவ்வளவோ காலம்.

ஜுனைதா கையை மடியில் வைத்துக்கொண்டு, மஃரிபு பாங்கு கேட்கும்வரை திரும்பாமல் இருந்தாள். பிறகு, பின்னால் ஒருவர் எழும்பித் தொழப் போக வழி வேண்டும் என்பதுபோல, பாயில் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.